அப்பா அம்மாவோட அலாஸ்கா: ரயில் முதல்ல, கப்பல் அப்புறம்

நீங்க கேட்டது இதான்: டல்லாஸ்ல எச்1பி வேலை விசால இருக்கீங்க, ஊர்ல இருந்து அப்பா அம்மா மே மாசம் வர்றாங்க, ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டிடுச்சு, அப்பாவுக்கு முழங்கால் வலி, ரெண்டு வாரம் லீவு போட்டு அலாஸ்கா க்ரூஸும் கண்ணாடிக் கூரை ரயிலும் சேத்து காட்டணும், எங்க இருந்து ஆரம்பிக்கறது, க்ரூஸ் கம்பெனி பேக்கேஜ் எடுக்கறதா தனியா புக் பண்றதான்னு தெரியல. நான் எங்க வீட்டுப் பெரியவங்களோட இந்தப் பக்கம் சுத்தியிருக்கேன், நண்பர்கள் குடும்பங்களுக்கும் ப்ளான் போட்டுக் குடுத்திருக்கேன், அதனால விரிவாவே எழுதறேன், கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படிங்க.

கப்பல், ரேட், பால்கனி ரூம் எல்லாம் பாக்கறதுக்கு முன்னாடி கனடா விசாவ முடிங்க. "சியாட்டில்ல ஏறி சியாட்டில்லயே இறங்கறோம், அலாஸ்காவும் அமெரிக்காதானே, கனடா விசா எதுக்கு"ன்னுதான் நம்மாளுங்க எல்லாருமே கேப்பாங்க. 1886ல போட்ட ஒரு அமெரிக்கச் சட்டம் இருக்கு, வெளிநாட்டுக் கொடி கட்டின கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்துல இருந்து இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துக்கு ஆள ஏத்திட்டுப் போய் இறக்கக் கூடாது, ஏறின இடத்துலயே திரும்ப இறக்கினாலும் நடுவுல ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தத் தொட்டே ஆகணும். பெரிய க்ரூஸ் கப்பல் கிட்டத்தட்ட எல்லாமே பஹாமாஸ், பெர்முடா, பனாமான்னு வெளிநாட்டுக் கொடிதான். அதனாலதான் சியாட்டில் கப்பல் கடைசில சாயங்காலம் சில மணி நேரம் கனடாவோட விக்டோரியால போய் நிக்குது, ஒருவழிப் பயணம்னா வான்கூவர்ல தொடங்குது இல்ல அங்க முடியுது. விக்டோரியால நீங்க கீழ இறங்கவே போறதில்லன்னாலும் விசா இல்லாம செக்-இன்லயே நிறுத்திடுவாங்க. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு கனடா விசிட்டர் விசா வேணும், அமெரிக்க விசா இருக்கறதால அது தள்ளுபடி ஆகாது. க்ரீன் கார்ட் இருக்கறவங்களுக்கு மட்டும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் கார்டும் போதும். அப்பா அம்மாவ ஊர்ல இருக்கும்போதே அப்ளை பண்ணச் சொல்லுங்க, சென்னைலயே பயோமெட்ரிக் குடுத்துடலாம், இங்க வந்தப்புறம் ஓடினா டைம் பத்தாது. உங்களுக்கும் வேணும், மறந்துடாதீங்க. உங்க பாஸ்போர்ட்ல எச்1பி ஸ்டாம்ப் காலாவதியாகி இருந்தா, முப்பது நாளுக்குள்ள கனடா போய்த் திரும்பறவங்களுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, ஆனா அது உங்க கேஸுக்குப் பொருந்துமான்னு கம்பெனி வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்த பதிவு), எச்1பி அப்ரூவல் நோட்டீஸ் ரெண்டோட ப்ரிண்டும் கைல வச்சுக்கோங்க.

விசா வரலன்னா? அப்பவும் அலாஸ்காவ விட்டுடாதீங்க. சியாட்டில்ல இருந்து ஆங்கரேஜுக்கு மூணரை மணி நேர ஃப்ளைட், அது உள்நாட்டுப் பயணம். ஆங்கரேஜ்ல இருந்து ரயில்ல சீவர்ட்ங்கற துறைமுக ஊருக்குப் போய், அங்க கீனாய் ஃபியோர்ட்ஸ் நேஷனல் பார்க்குக்குள்ள போற ஆறு மணி நேர போட் எடுத்தீங்கன்னா க்ளேசியர் (பனியாறு), திமிங்கலம், கடல் சிங்கம், பஃபின் பறவை எல்லாம் ஒரே நாள்ல வந்துடும். க்ரூஸே போகாம இத மட்டும் பண்ணிட்டு வந்தவங்க யாரும் என்கிட்ட குறைன்னு சொன்னதில்ல.

சரி, விசா வந்துடுச்சுன்னு வச்சுக்குவோம். இப்ப நான் அழுத்திச் சொல்ற ஒரே விஷயம்: தரைப் பயணத்த முதல்ல வைங்க, கப்பல பின்னாடி வைங்க. அதாவது ஆங்கரேஜுக்குப் பறந்து போய், ரயில், டெனாலி நேஷனல் பார்க் எல்லாம் முடிச்சுட்டு, சீவர்ட்லயோ விட்டியர்லயோ கப்பல் ஏறி தெக்க வான்கூவர் வந்து இறங்கறது. ட்ராவல் ஏஜென்ட் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்வாங்க, பெரியவங்களுக்கு ஒண்ணு இல்ல. தரைப் பயணம்னா தினமும் காலைல சீக்கிரம் எழுந்திரிக்கணும், பெட்டி கட்டணும், ஹோட்டல் மாறணும், பஸ்ல அஞ்சு மணி நேரம் உக்காரணும். அந்த அலைச்சல உடம்புல தெம்பு இருக்கறப்போ முடிச்சுட்டு கப்பல்ல ஏறிட்டா ஏழு நாள் பெட்டிய தொறந்து அலமாரில அடுக்கிட்டு நிம்மதியா இருக்கலாம், சாப்பாடு நேரத்துக்கு வரும், அப்பா காலத் தூக்கி வச்சுட்டு கடலப் பாத்துட்டு உக்காரலாம். மாத்திப் பண்ணா ஒரு வாரம் கப்பல்ல சொகுசா இருந்துட்டு அதுக்கப்புறம் அலையணும், அது ரொம்பவே களைப்பா இருக்கும். இன்னொரு லாபமும் இருக்கு, தரைல ஒரு நாள் முன்ன பின்ன ஆனா சமாளிக்கலாம், கப்பல் முடிஞ்சு அடுத்த நாள் ரயில்னு இறுக்கமா போட்டா எங்கயும் இடைவெளியே இருக்காது. ஒண்ணே ஒண்ணு, கப்பல் கிளம்பற நாளுக்கு முந்தின ராத்திரியே துறைமுகத்துக்குப் பக்கத்துல வந்துடுங்க.

இதுல ஒரு குழப்பம் வரும். விளம்பரத்துல "ஆங்கரேஜ்"னு போட்டிருப்பாங்க, ஆனா பெரிய கப்பல் பெரும்பாலும் ஆங்கரேஜுக்கே வராது, பக்கத்துல சின்ன எழுத்துல சீவர்ட்னோ விட்டியர்னோ இருக்கும். சீவர்ட் ஆங்கரேஜ்ல இருந்து 127 மைல், ரோட்ல ரெண்டரை மணி நேரம். விட்டியர் அறுபது மைல்தான், ஆனா மலைக்கு அடில ரெண்டரை மைல் நீள ஒரே ஒரு சுரங்கம், ரயிலும் காரும் அதே பாதையில மாத்தி மாத்திப் போகும், நேரத்த தவறவிட்டா அடுத்த முறை திறக்கற வரைக்கும் நிக்கணும். எந்த ஊர்னு பாத்துட்டுத்தான் ரயில் புக் பண்ணணும்.

இப்ப ரயில். அலாஸ்கா ரயில்ரோட் அந்த மாநில அரசோட ரயில், 1923ல ஜனாதிபதி ஹார்டிங்கே நெனானா வரைக்கும் வந்து கடைசி ஆணிய அடிச்சுத் தொடங்கி வச்சாரு, 1985ல மத்திய அரசுகிட்ட இருந்து மாநிலம் வாங்கிடுச்சு. சீவர்ட்ல இருந்து ஃபேர்பேங்க்ஸ் வரைக்கும் 470 மைல். உங்களுக்கு வேண்டியது ரெண்டு வண்டி. ஒண்ணு டெனாலி ஸ்டார், காலைல எட்டு மணி சுமாருக்கு ஆங்கரேஜ்ல கிளம்பி சாயங்காலம் நாலு மணிவாக்குல டெனாலி, அப்படியே ராத்திரிக்குள்ள ஃபேர்பேங்க்ஸ். இன்னொண்ணு கோஸ்டல் க்ளாசிக், ஆங்கரேஜ்ல இருந்து சீவர்ட், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, காலைல ஏழு மணிக்கு முன்னாடியே கிளம்பிடும். ரெண்டுலயும் அட்வென்ச்சர், கோல்ட்ஸ்டார்னு ரெண்டு க்ளாஸ். கோல்ட்ஸ்டார் மாடிப் பெட்டி, மேல முழுக்க கண்ணாடிக் கூரை, பின்னாடி திறந்த பால்கனி, கீழ சாப்பாட்டு அறை, சாப்பாடும் டிக்கெட்லயே சேந்துடும், விலை ரெண்டு மடங்கு பக்கம் வரும். அட்வென்ச்சர் மோசம்னு நினைக்காதீங்க, ஜன்னல் பெருசு, பொதுவா ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும், அதுல முறை வச்சு உக்காரலாம். ஆனா உங்க அப்பாவுக்கு பெட்டிக்குப் பெட்டி நடந்து போய் இடம் பிடிக்கறது கஷ்டம், அதனால டெனாலி ஸ்டாருக்கு மட்டும் கோல்ட்ஸ்டார் போடுங்க, சீவர்ட் வண்டிக்கு அட்வென்ச்சர் தாராளமா போதும். மாடிப்படி கொஞ்சம் குறுகல், ஏற முடியாதவங்களுக்கு லிஃப்ட் வசதி பண்ணுவாங்க, புக் பண்றப்பவே முழங்கால் விஷயத்த சொல்லிடுங்க.

சீட் எந்தப் பக்கம்ங்கறது முக்கியம். வடக்க டெனாலி போறப்போ இடது பக்கம் கேளுங்க, டல்கீட்னாங்கற ஊர் தாண்டினதும் டெனாலி மலை அந்தப் பக்கம்தான் தெரியும். 20,310 அடி, வட அமெரிக்காவுலயே உயரம், இப்ப மத்திய அரசு மேப்ல மலைக்கு மெக்கின்லின்னு போட்டிருப்பாங்க, பார்க் பேரு டெனாலிதான். அந்த மலை தானே மேகத்த உண்டாக்கிக்கும், வர்றவங்கள்ல மூணுல ஒருத்தருக்குத்தான் தரிசனம் கிடைக்கும்னு அங்க சொல்வாங்க. அதனால "டெனாலி பாக்கப் போறோம்"னு சொல்லி அப்பா அம்மாவ ஏங்க வைக்காதீங்க, தெரிஞ்சா பாக்கியம்னு சொல்லி வைங்க. மலை தெரியலன்னாலும் இந்த வழில ஹரிக்கேன் கல்ச் பாலம் ஒண்ணே போதும். 1921ல கட்டின இரும்பு வளைவுப் பாலம், பள்ளத்துல இருந்து 296 அடி உயரம். வண்டி அதுக்கு முன்னாடி வேகத்தக் குறைச்சு ஊர்ந்து போகும், அப்ப உள்ள உக்காந்திருக்காம வெளி பால்கனிக்கு வந்துடுங்க. காத்து முகத்துல சில்லுன்னு அடிக்கும், கம்பியப் பிடிச்சுட்டு கீழ பாத்தா ஸ்ப்ரூஸ் மரமெல்லாம் குச்சி குச்சியா நிக்கும், அடில ஒரு ஓடை வெள்ளி நூலாட்டம் போகும், கால் கீழ தண்டவாளத்தத் தவிர வேற ஒண்ணும் இல்லாத மாதிரியே இருக்கும். எங்க சித்தி அந்த ஒரு நிமிஷம் என் கைய விடவே இல்ல, இன்னைக்கும் அலாஸ்கான்னா அவங்க முதல்ல அதத்தான் சொல்வாங்க.

சீவர்ட் வண்டில போறப்போ வலது பக்கம் உக்காருங்க, ஆங்கரேஜ் தாண்டினதும் டர்னகெய்ன் ஆர்ம்ங்கற கடல் கை தண்டவாளத்த ஒட்டியே வரும். இந்தப் பக்கம் மலைப்பாறைல வெள்ளைச் செம்மறியாடு நிக்கும், அந்தப் பக்கம் தண்ணில சில சமயம் பெலூகா திமிங்கலத்தோட வெள்ளை முதுகு தெரியும். போர்ட்டேஜ் பக்கம் சாம்பல் கலர்ல செத்த மரங்கள் தண்ணிக்குள்ள நின்னுட்டிருக்கும் பாருங்க, 1964 மார்ச் 27ல வந்த 9.2 அளவு நிலநடுக்கத்துல அங்க தரையே பல அடி கீழ இறங்கி, உப்புத்தண்ணி உள்ள வந்து வேர் செத்துப் போச்சு, மரம் மட்டும் இத்தன வருஷமா நிக்குது. அப்பாவுக்கு இந்தக் கதைய முன்னாடியே சொல்லி வைங்க, வண்டி அந்த இடத்த வேகமா தாண்டிடும்.

டெனாலில ரெண்டு ராத்திரி கட்டாயம். பார்க்குக்குள்ள 92 மைல் ரோடு ஒண்ணுதான் இருக்கு, நம்ம கார் பதினஞ்சு மைல் வரைக்கும்தான், அதுக்கு மேல பார்க் பஸ். அதுலயும் 2021 ஆகஸ்ட்ல மலைச்சரிவு வந்து 43வது மைலோட பாதைய மூடிட்டாங்க, அந்த இடத்துல புதுப் பாலம் கட்ற வேலை நடக்குது, நீங்க போற சீசன்ல எதுவரைக்கும் பஸ்னு நேஷனல் பார்க் சைட்ல பாத்துக்கோங்க. டன்ட்ரா வில்டர்னஸ் டூர்னு புக் பண்ணுங்க, அஞ்சு மணி நேரத்துக்கு மேல போகும், ட்ரைவரே விளக்கிச் சொல்வாரு, கரடி, மூஸ், கரிபூ மாதிரி பெரிய மான்னு யார் கண்ணுல பட்டாலும் "ஸ்டாப்"னு குரல் குடுத்தா வண்டி நிக்கும். நடக்கவே வேண்டாம், அப்பாவுக்கு இத விட வசதி கிடையாது. க்ரூஸ் கம்பெனி பேக்கேஜ் எடுத்தா பல சமயம் இதுக்குப் பதிலா நேச்சுரல் ஹிஸ்டரி டூர்னு சின்னதா ஒண்ண வச்சிருப்பாங்க, அது பார்க்குக்குள்ள அவ்வளவு ஆழமா போகாது, கூட காசு குடுத்தாவது மாத்திக்கோங்க.

பேக்கேஜா தனியாவான்னு கேட்டீங்கல்ல. ப்ரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா மாதிரி கம்பெனிங்களுக்கு அங்க சொந்த லாட்ஜ், சொந்த கண்ணாடிப் பெட்டி எல்லாம் இருக்கு, அலாஸ்கா ரயில்ரோட் எஞ்சின்தான் இழுக்கும். பெட்டி தூக்கற வேலை இல்ல, கப்பல்ல இருந்து ரயில், ரயில்ல இருந்து லாட்ஜ்னு அவங்களே கொண்டு போயிடுவாங்க. ரெண்டு பேருமே நடக்க சிரமப்படறவங்கன்னா பேக்கேஜ்தான் எடுக்கச் சொல்வேன். ஆனா "ரயில் பயணம்"னு போட்டு பாதி வழி பஸ்ல கூட்டிட்டுப் போற பேக்கேஜும் இருக்கு, ஒவ்வொரு நாளையும் எதுல போறோம்னு வரி வரியா படிங்க. உங்க நிலைமைல, நீங்க கூட இருக்கறதால, தனியா புக் பண்றதுதான் என் ஓட்டு, நேரம் உங்க கைல இருக்கும், செலவும் குறையும்.

ரெண்டு வாரத்துக்கு இப்படிப் போடுங்க: முதல் நாள் ஆங்கரேஜ் போய்த் தூங்குங்க. ரெண்டாம் நாள் டெனாலி ஸ்டார். மூணாம் நாள் பார்க் பஸ். நாலாம் நாள் மதியம் அதே ரயில்ல தெக்க டல்கீட்னா, அந்தச் சின்ன ஊர்ல ராத்திரி. அஞ்சாம் நாள் காலைல சின்ன ப்ளேன்ல டெனாலியச் சுத்தி, ருத் க்ளேசியர் மேல இறங்கி வர்ற டூர், பூட்ஸ் அவங்களே குடுப்பாங்க, மேகம் இருந்தா கேன்சல் பண்ணிடுவாங்க, அதனால அன்னைக்கு வேற எதுவும் வைக்காதீங்க, சாயங்கால ரயில்ல ஆங்கரேஜ். ஆறாம் நாள் ஓய்வு, துணி துவைக்க, மளிகை வாங்க. ஏழாம் நாள் காலைல கோஸ்டல் க்ளாசிக், சீவர்ட்ல ராத்திரி. எட்டாம் நாள் கப்பல். ஏழு ராத்திரி கழிச்சு வான்கூவர். ஒரு நாள் கூடுதலா வரும், லீவுல சேத்துக்கோங்க. கப்பல் விட்டியர்ல இருந்துன்னா ஏழாம் நாளும் ஆங்கரேஜ்லயே இருந்துட்டு அடுத்த நாள் போய்க்கலாம்.

கப்பல் எதுன்னு தேர்வு பண்றப்போ தண்ணிச் சறுக்கு, தியேட்டர் எல்லாம் பாக்காதீங்க, எந்த க்ளேசியர் போகுதுன்னு பாருங்க. என் விருப்பம் க்ளேசியர் பே. ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய கப்பலுக்குத்தான் உள்ள அனுமதி, அதனால கூட்டமே இருக்காது, பார்க் ரேஞ்சர்கள் காலைல படகுல வந்து கப்பல் ஏறி நாள் பூரா மைக்ல விளக்குவாங்க. 1794ல ஆங்கிலேயக் கப்பல்காரங்க வந்தப்போ அந்த வளைகுடாவே கிடையாது, வாய் வரைக்கும் பனிச் சுவர்தான், 1879ல ஜான் ம்யூர் வர்றதுக்குள்ள அது நாப்பது மைலுக்கு மேல பின்னாடி போயிருந்துச்சு. இப்ப கப்பல் உள்ள போய் மார்ஜரி க்ளேசியர் முன்னாடி நிக்கும், ஒரு மைல் அகலம். எஞ்சின் சத்தம் குறைஞ்சதும் டெக்ல எல்லாரும் தானா பேச்ச நிறுத்திடுவாங்க. ஐஸ் நீலமா இருக்கும், இறுகிப் போன ஐஸ் சிவப்பு வெளிச்சத்த உறிஞ்சிக்கறதால அப்படி. முதல்ல துப்பாக்கி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம், எங்கன்னு திரும்பிப் பாக்கறதுக்குள்ள ஒரு பாளம் சரிஞ்சு தண்ணிக்குள்ள விழுந்திருக்கும், ஒலி நம்மகிட்ட வந்து சேர நேரம் ஆகறதால சத்தத்தக் கேட்டுத் தேடினா பாக்க முடியாது, சின்னச் சின்னதா துணுக்கு உதிர்ற இடத்த கவனிச்சு கண்ண அங்கயே வச்சிருங்க. இது கிடைக்கலன்னா ஹப்பர்ட் க்ளேசியர் போற கப்பல், முகப்பே ஆறு மைல் அகலம், அதுவும் பிரமாதம்தான், ஆனா மிதக்கற ஐஸ் அதிகமா இருந்தா கப்பல் கிட்ட போகாது.

பால்கனி ரூம் பெரியவங்களுக்கு எடுங்க, அம்மா குளிருக்குப் போர்வையப் போத்திட்டு அங்கயே உக்காந்து பாத்துப்பாங்க. நீங்க உள் ரூம் எடுத்து மிச்சப்படுத்தினாலும் தப்பில்ல. எந்தப் பக்கம் ரூம்னு ரொம்ப யோசிக்காதீங்க, க்ளேசியர் முன்னாடி கப்பல் மெதுவா முழுசா திரும்பி ரெண்டு பக்கத்துக்கும் காட்டும்.

இனி கப்பல் வழில நிக்கற ஊருங்க. ஸ்கேக்வேல இன்னொரு ரயில் இருக்கு, வொய்ட் பாஸ், மூணடி அகல சின்ன தண்டவாளம், தங்க வேட்டைக்காக 1898ல ஆரம்பிச்சு 1900ல முடிச்சது, இருபது மைல்ல 2,865 அடி ஏறும். போக வர மூணு மணி நேரத்துக்குள்ள, யாரும் இறங்க வேண்டாம். ஏறறப்போ இடது பக்கம். பள்ளத்தாக்குல பழைய நடைபாதை இன்னும் தெரியும், பாரம் சுமந்த ஆயிரக்கணக்கான குதிரைங்க அந்த வழில செத்து விழுந்துச்சுங்க, தங்கம் தேடிப் போனவங்க ஒரு வருஷத்துச் சாப்பாட்டோட போனாத்தான் கனடா போலீஸ் உள்ள விடுவாங்கன்னு ஒவ்வொருத்தரும் ஒரு டன் சாமானத் தூக்கிட்டு ஏறின மலை அது. ஜூனோல திமிங்கலம் பாக்கற போட், கூடவே மெண்டன்ஹால் க்ளேசியர் இறக்கி விடற டூரா எடுங்க, ஃபோட்டோ பாயிண்ட் வரைக்கும் சமமான பாதை, அப்பா மெதுவா நடந்துடலாம். கெட்சிகன்ல வருஷத்துக்கு 150 அங்குலம் பக்கம் மழை, குடை வேண்டாம், தொப்பி வச்ச ரெயின் ஜாக்கெட் வேணும்.

மாசம், ஜூன் முதல் பாதி. தென்கிழக்கு அலாஸ்கால மே, ஜூன்ல மழை குறைவு, ஆகஸ்ட், செப்டம்பர்ல கொட்டும், ஆங்கரேஜ்ல பத்தொம்பது மணி நேரத்துக்கு மேல வெளிச்சம், தூங்கறதுக்குக் கண்ணுக்குத் துணிப் பட்டை வாங்கிக்கோங்க. டெனாலில கொசு ஜூன் கடைசில இருந்து மோசமாகும். வட துருவ ஒளி வேணும்னா ஆகஸ்ட் கடைசிக்கு மேல வரணும், ஜூன்ல வானம் இருட்டவே இருட்டாது.

சாப்பாடு பத்தி அம்மா கண்டிப்பா கேப்பாங்க. புக் பண்றப்பவே இந்தியன் வெஜிடேரியன்னு குறிச்சுடுங்க, முதல் நாள் ராத்திரி டைனிங் ரூம் ஹெட் வெயிட்டர்கிட்ட நேர்லயும் சொல்லுங்க, பெரும்பாலும் ஒரு இந்தியர் சமையலறைல இருப்பாரு, மறுநாள்ல இருந்து பருப்பும் சோறும் தனியா வரும். தயிர் காலை பஃபேல கிடைக்கும். ரைஸ் குக்கர், எலக்ட்ரிக் கெட்டில் ரெண்டும் கப்பல்ல தடை, ஸ்கேனர்லயே எடுத்து வச்சுப்பாங்க, அம்மா பெட்டிய நீங்களே ஒருமுறை பாத்துடுங்க. ஆங்கரேஜ் தவிர்த்து தரைப் பயணத்துல இந்தியச் சாப்பாடு கிடைக்கறது கஷ்டம், அந்த நாலஞ்சு நாளைக்கு பருப்புப் பொடி, ரெடிமேட் பாக்கெட், ஊறுகாய் எடுத்துட்டுப் போங்க.

புக்கிங் வரிசை: கனடா விசா, அப்புறம் திருப்பிக் குடுக்கற டெபாசிட்ல கப்பல், உடனே டெனாலி ஹோட்டலும் பார்க் பஸ்ஸும், அதுக்கப்புறம் ரயில், கடைசில ஃப்ளைட். டெனாலி ஹோட்டல்தான் முதல்ல தீரும், ரயில் டிக்கெட் வாங்கிட்டு ரூம் தேடாதீங்க. வான்கூவர்ல இருந்து திரும்பற ஃப்ளைட்ட மதியம் ஒரு மணிக்கு முன்னாடி போடாதீங்க, அமெரிக்க இமிக்ரேஷன் வான்கூவர் ஏர்போர்ட்லயே முடிச்சுட்டுத்தான் ப்ளேன் ஏறணும், கப்பல்லாம் காலைல ஒண்ணா வர்றதால க்யூ நீளமா இருக்கும், அப்பாவுக்கு வீல்சேர் முன்கூட்டியே கேட்டு வைங்க. கப்பல்ல கடைசி ராத்திரி பெரிய பெட்டிய எல்லாம் ரூம் வாசல்ல வைக்கச் சொல்வாங்க, காலைல கீழ இறங்கித்தான் கைக்கு வரும், அதனால மாத்திரை, பாஸ்போர்ட், அடுத்த நாள் போடற துணி, அம்மாவோட ஸ்வெட்டர் இதெல்லாம் அன்னைக்கு சாயங்காலமே ஒரு கைப்பைல எடுத்து வச்சுடுங்க.